பச்சை குத்திய இடம்

பச்சை என்று பெயர்.
ஊசியில் ஏறுவது கருப்பு.
குடலின் வெளிச்சுவர் வழியே
எனக்குத் தெரியவேண்டியது நீலம்.
போர்ச்சுகலில் நாங்கள் இதைச் சீன மை என்போம்,
ஆங்கிலேயருக்கு இது இந்திய மை.
ஆளுக்கொரு தேசத்தின் தலையில் கட்டிவிட்ட
வெறும் கரி.

எவோரா, காலை ஒன்பது இருபது.
ஸெஃபெரினோ கலாதுவின் வயிறு
வாயு நிரம்பி மேடிட்டிருக்கிறது.
நான்கு துளைகள். ஒன்றில் கேமரா,
மற்றவற்றில் நீளமான இரும்புகள்,
அவைதான் இன்றைக்கு என் கைகள்.

வயிற்றைத் திறந்து செய்த நாட்களில்
விரல்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும்.
அவரைத் தோலுக்குள் பருப்பு போல
கட்டி தட்டுப்படும்.
இப்போது விரல்கள் வெளியே நிற்கின்றன,
அனுமதிச்சீட்டு இல்லாத உறவினர்களாக.
கட்டியோ சின்னது, தட்டை.
வெளியிலிருந்து பார்த்தால்
முழுக் குடலும் ஒரே வழவழப்பு,
ஒன்றும் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு.

அதற்காகத்தான் மூன்று வாரம் முன்பு
இல்டா ரெபோஷோ பின்வழியே குழாயோடு போனாள்.
முதலில் உப்புநீர்,
சுவரின் அடுக்குகளுக்கிடையே கொப்புளம் எழும்பும்வரை.
பிறகு அதற்குள் மை.
ஊசியைச் செங்குத்தாக ஏற்றினால்
மறுபக்கம் பாய்ந்துவிடும்,
வயிறெங்கும் கரிபடிந்த அடுக்களை.
சுற்றிலும் மூன்று இடத்தில் குத்தவேண்டும்.
குடல் எந்தப் பக்கம் புரண்டு படுக்குமோ
யார் கண்டது.

குத்தியிருந்தாள்.
அறிக்கையில் எழுதியுமிருந்தாள்:
"நாற்பது சென்டிமீட்டர். மை இடப்பட்டது."

நாற்பது!
குடல் ஒரு அக்கார்டியன்,
மடக்கினால் நாற்பது,
இழுத்தால் அடுத்த ஊருக்குப் போய்விடும்.
இடப்பட்டது, சரி,
கட்டிக்கு மேலேயா, கீழேயா?
மாற்றிப் புரிந்துகொண்டு வெட்டினால்
நல்ல குடல் வாளியில், கட்டி வயிற்றில்.

இருபது நிமிடம். நீலமே இல்லை.
கொழுப்புத் திரையைத் தூக்குகிறேன்,
புரட்டுகிறேன், மறுபடி புரட்டுகிறேன்.
மயக்க மருந்துக்காரர் இருமுகிறார்.

நேற்று மாலை ஸெஃபெரினோ கேட்டார்:
"என்ன எண் எழுதினாள் அந்தப் பெண்?"
தக்கை மரங்களில் எண் எழுதுவது
நாற்பது கோடைகளாக அவர் வேலை.
பட்டை உரித்த சிவந்த தண்டில்
வெள்ளைப் பெயின்டில் வருடத்தின் கடைசி இலக்கம்.
ஒன்பது வருடம் கழித்து வருகிறவன்
யாரையும் கேட்கத் தேவையில்லை.
"எண் இல்லை, ஐயா. புள்ளிகள்தான்."
"புள்ளியா?" என்றார்,
சம்பளத்தில் குறைத்துவிட்டதைப்போல.

நர்ஸ் ஃபெலிஸ்மினா என் காதில் போனை வைக்கிறாள்.
இல்டாவுக்குப் பின்னால் நீச்சல்குளம்,
குழந்தைகள், விசில்.
"கீழேதான். எப்போதும் கீழேதான் குத்துவேன்,
மூன்று சென்டிமீட்டர்."
"எழுதவில்லையே."
"எல்லாருக்கும் தெரிந்ததுதானே."
தண்ணீரில் யாரோ குதிக்கிறார்கள்.
"மூன்றாவது மட்டும் சரியாக எழும்பவில்லை,"
என்கிறாள், குரலைத் தாழ்த்தி.

அந்த மூன்றாவதுதான்
நான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கம்.

இடுப்பெலும்போடு ஒட்டிக் கிடந்த வளைவை
மெல்லப் பிரித்துத் திருப்புகிறேன்.
நீலம்.
நகத்தடியில் கதவு நசுக்கியதுபோல்
கன்றிய நீலம்.
அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
ஆனால் எல்லாரும் கால் மாற்றி நின்றார்கள்.

வெட்டியெடுத்த துண்டை ஓரமேசையில் பிளந்தோம்.
மை. அதற்கு மேலே விரலிடை தள்ளி
கட்டி. அவள் சொன்னபடியே.

நிணநீர் முடிச்சுகளின் முடிவு
வியாழக்கிழமை வரும்.
அதுவரை எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.
கண் விழித்தவர் முதலில் கேட்டது அதையல்ல:
"அந்தப் புள்ளிகளையும் எடுத்துவிட்டீர்களா?"
எடுத்துவிட்டோம் என்றேன்.
விரல்விட்டு எதையோ எண்ணினார்.
இந்த வருட மரங்களில் ஐந்து.
அடுத்த உரிப்புக்கு அவருக்கு எண்பது.

இரவில் என் அறிக்கையை எழுதினேன்.
கட்டிக்குக் கீழே என்று எழுதி,
போதாமல்,
கீழே என்பதன் கீழே
ஒரு கோடு இழுத்தேன்.