இரண்டாவது கியர்

பாலாடாவில் இரவு ஒன்றரைக்குக்
கேரட் கழுவும் மிஷின் ஓடத் தொடங்கும்.
மண் கழன்று நிறம் தெரிவதற்குள்
என் விரல் பத்தும் மரத்துவிடும்.
மூட்டை எண்ணுவது என் வேலை.

ஆரம்பத்தில் மனசில்தான் எண்ணினேன்.
நாற்பத்தொன்றில் யாராவது
‘அக்கா, டீ’ என்பார்கள்.
திரும்பிப் பார்த்தால்
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா.
மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு மூட்டை குறைந்து
அந்தக் காசை என் சம்பளத்தில் பிடித்த வாரம்
பேனா வாங்கிக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டேன்.
குளிரில் பேனா எழுதவில்லை.
பென்சிலுக்கு அந்த வீம்பெல்லாம் கிடையாது.
ஒரு மூட்டை, ஒரு கோடு.
ஐந்தாவது கோடு குறுக்கே.
கோடு விழுந்த பிறகுதான் முகத்தைத் திருப்புவேன்,
கூப்பிடுவது முதலாளி போஜனாகவே இருந்தாலும்.

வீட்டில் தொலைவது லாரிச் சாவி.
‘நீதான எடுத்து வெச்ச?’
‘நான் எதுக்கு எடுக்கறேன்?’
தலையணை உதறி, அரிசி டப்பா திறந்து,
பாதி ராத்திரியில் லைன் வீடுகளெல்லாம் விழித்துக்கொள்ளும்.
கதவோரம் யோகராசா ஓர் ஆணி அடித்தான்.
கோணல்தான்.
கோணல் ஆணியிலும் சாவி தொங்குகிறது.
சண்டை தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன்;
கூடவே அவன் தங்கை இருக்கிறாள்,
சீட்டுப் பணம் இருக்கிறது.
சாவிக்காக இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆணி கொடுத்த தைரியத்தில்
எல்லாவற்றுக்கும் இடம் குறித்தேன்.
உப்புக்கு, தீப்பெட்டிக்கு, குடைக்கு,
அவன் தங்கையின் சீப்புக்கு.
மூன்றாம் நாளே சீப்பு ஜன்னலுக்குத் திரும்பிவிட்டது.
விட்டுவிட்டேன்.
சீப்பு அவளுடையது.
வெளிச்சமும் ஜன்னலில்தான் இருக்கிறது.

ஆடிச் சாரலில்
இந்தப் பள்ளத்தாக்கில் துணி காய மூன்று நாள்.
திங்கட்கிழமைச் சீருடையை
வியாழக்கிழமையே துவைத்துவிட வேண்டும்.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஈரப் பாவாடையோடு பள்ளிக்குப் போன
தர்ஷினியின் தும்மல் சொன்னது.

யோகராசா பேசுவதே கொஞ்சம்.
அதிலும் முக்கால்வாசி கியர் பற்றி.
‘ஏறுன கியர்லயே எறங்கணும்.
நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்,
ஆளு மிச்சமில்ல.’
லாரிக்குச் சொல்கிறான் என்றே
பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ஏழுக்கு வீடு திரும்பும்போது
மிஷின் என் காதுக்குள் இன்னும் ஓடும்.
பல் தேய்ச்சியா, பை எடுத்தியா,
தண்ணி பாட்டில், ஸ்வெட்டர், டைரில கையெழுத்து...
ஒருநாள் தர்ஷினி கையை நீட்டினாள்:
‘என் மேலயும் ஒரு கோடு போட்டுரும்மா.’
சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இப்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும்
நேரே வீட்டுக்கு ஏறுவதில்லை.
செபாஸ்தியன் கடையில் ஒரு கிளாஸ் டீ.
முதலில் குடிக்க அல்ல, பிடித்துக்கொள்ள.
விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.
எட்டு நிமிடம் பிந்துகிறேன்.
அதில் என்ன நஷ்டமென்று
பென்சிலால் கணக்குப் போட்டும் பார்த்தேன்;
ஒன்றும் வரவில்லை.

போன மழையில்
பர்லியாருக்கு மேலே மண் சரிந்தது.
அவனுக்குப் போன் போகவில்லை.
பகல் முழுக்கச் சோறு ஆறிக் கிடந்தது.
ஆணி காலியாக இருந்தது.
காலி ஆணியை என்ன செய்வதென்று
என் நோட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.
அவன் தங்கைதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
ஒன்றும் பேசாமல் பூண்டு உரித்தாள்.
நானும் உரித்தேன்.
இரண்டு கிலோ.

மறுநாள் காலை
சேறு அப்பிய செருப்போடு வந்தான்.
சாவியை மாட்டினான்.
‘ரெண்டாவது கியர்லயே போனேன்.
ஹாரன் அடிச்சு ஒரு வேன் முந்திப் போச்சு.’
அந்த வேனைப் பற்றி
அதற்குமேல் அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு வியாழன்.
வாளியில் சீருடை ஊறிக்கொண்டிருந்தது.