தட்டினால் ஓடும்

போன மார்கழி வரை தட்டினால் ஓடியது.
டாஷ்போர்டுக்குக் கீழே, இடது பக்கம்,
கெம்பம்மா முழங்காலால் ஒரு இடி:
ப்ளோயர் இருமிக்கொண்டு எழும்.
இந்த மார்கழியில் இடித்தும் எழவில்லை.

தேன்கனிக்கோட்டையில் விடியற்காலை நாலே முக்காலுக்கு
பனி ரோட்டில் பாதி, கண்ணாடிக்கு உள்ளே பாதி.
ஒன்பது பெண்கள் விடும் மூச்சு.
ஓசூர் ஆறு மணி ஷிப்டுக்கு
நான் ஓட்டுவேன், கெம்பம்மா துண்டால் துடைப்பாள்.
அதனால்தான் முன்சீட்டு அவளுக்கு.

கடையில் சொன்னார்கள்,
"இந்த சுமோவுக்கு மோட்டார் மட்டும் வராதுக்கா.
செட்டோடு மூவாயிரத்து எண்ணூறு."
டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஸ்க்ரூ உடனே வந்தது,
துருப்பிடித்த நாலாவதுக்கு ஒரு மணி நேரம்.
விசிறிக் கூட்டுக்குள் எலி போட்ட மெத்தை:
சீட்டுப் பஞ்சு, சாக்கு நூல்,
பொடிப்பொடியாய் என் இன்சூரன்ஸ்.
சூளகிரியில் மறித்தபோது
"வீட்டில் இருக்கு சார், சத்தியமா" என்று
அபராதம் கட்டினேனே, அந்தத் தாள்.
வண்டியில்தான் இருந்திருக்கிறது.
சத்தியம்தான் பொய்.

கார்பன் இரண்டும் தேய்ந்து
புளியங்கொட்டைத் தோல் அளவு.
பரணிலிருந்து பழைய மிக்ஸியை இறக்கினேன்.
போனில் திம்மராயன் கத்தினான்:
"மிக்ஸி கார்பன் ஆகாது, பன்னிரண்டு வோல்ட்டுக்கு அது கல்லு.
ஸ்கூட்டி ஸ்டார்ட்டரோடது வாங்கு, நாப்பது ரூபா."
வாங்கி, சிமெண்டுத் தரையில் தேய்த்து,
போட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்து,
செம்புப் பட்டைகளின் இடுக்குக் கரியை
ஊக்கு முனையால் கீறி எடுத்து,
ஒயரை மாட்டினேன்.

சுற்றியது. காற்று வரவில்லை.
வென்ட்டில் கை வைத்தால்
யாரோ பக்கத்துத் தெருவில் பெருமூச்சு விட்ட மாதிரி.
அப்புறம்தான் பார்த்தேன்.
சிவப்பும் கறுப்பும் இடம் மாறி
மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுகிறது.
அத்தனை வேகம், அத்தனை சத்தம்.
மனிதர்களிலும் பார்த்திருக்கிறேன்,
பெயர் சொல்ல மாட்டேன்.

திங்கள் காலை மூன்றில் வைத்தேன்.
முதலில் பறந்தது மிச்ச இன்சூரன்ஸ்.
"யாருக்குடி கல்யாணம்?" என்று பின்சீட்டில் சிரிப்பு.
கண்ணாடி கீழிருந்து தெளிந்துகொண்டே வந்தது:
ரோடு, யானை கடக்குமிடம் என்ற பலகை,
ஒரு நாய், அதன் நாலு கால்களும்.

கெம்பம்மா துண்டை மடித்து மடியில் வைத்தாள்.
நெருக்கியடித்திருக்கும் பின்சீட்டைத்
திரும்பி ஒருமுறை பார்த்தாள்.
கெலமங்கலம் வரை பேச்சில்லை.
பிறகு மூலையைக் காட்டி,
"இங்க இன்னும் கொஞ்சம் இருக்கே" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
"ஆமா, துடை" என்றேன்.