பதின்மூன்றில் ஏழாவது

இரவுப் பணி முடிந்து
மருத்துவமனை சோப்பு மணக்கக் கால்வாய்ப் பக்கம் இறங்கினேன்.
பர்மிங்காம் இன்னும் முழுதாக விடியவில்லை.
பேருந்தை விட்டது ஒரு சாக்கு.

பாலத்தடியில், திருப்பத்தில், வார்ப்பிரும்பு விளிம்பு.
அதில் வரிவரியாய்ப் பள்ளம்;
என் சுண்டுவிரல் முழுதும் அமிழ்கிறது.
நிலக்கரிப் படகிழுத்த குதிரைகளின் கயிறு
அத்தனை வருடமும் இதே மூலையில் திரும்பியிருக்கிறது.
எறும்பூரக் கல் தேயும் என்பார்கள்.
இங்கே நனைந்த சணல், கொஞ்சம் மணல், இரும்பு.
குதிரைகளுக்கு இது தெரியாது.

"நடந்துதானே போறீங்க?
உங்க முதுகைக் கொஞ்சம் கடன் குடுங்க."

பெரில். அறுபது இருக்கும்.
படகின் பெயர் டாம்சன். கூரையில் விறகு,
குளிரில் கருகிய புதினாத் தொட்டி.
பதின்மூன்று பூட்டுகள் ஊருக்கடியில் படிக்கட்டாய் இறங்க
ஏழாவதில் நிற்கிறாள்.

பூட்டு என்றுதான் சொல்கிறார்கள்.
பூட்டப்படுவது தண்ணீர்.
சாவி, ஒரு வளைந்த இரும்பு, நுனியில் சதுரத் துளை.
அதை என் கையில் தந்தாள்.
பன்னிரண்டு மணி நேரம் ஊசி பிடித்த விரல்கள்.

ப்ளக்.

பெரில் எதுவும் சொல்லவில்லை.
உள்ளே போய்க் கெட்டிலை வைத்தாள்.
அது திட்டுவதைவிட மோசம்.

அடுத்த பாலத்திலிருந்து தல்பீர் வந்தார்,
ஹேண்ட்ஸ்வொர்த்காரர்,
வாளியும் கயிறும் கயிற்று நுனியில் காந்தமுமாக.
முதல் வீச்சு: தள்ளுவண்டிச் சக்கரம்.
இரண்டாவது: சகதி, ஒரு சைக்கிள் மணி, அது அடிக்கவும் செய்தது.
மூன்றாவதில் சாவி.

"இது என்னோடது இல்லே," என்றாள் பெரில்.

பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது.
யார் கையோ. எந்தக் குளிர்காலமோ.
அச்சில் மாட்டினாள்; சதுரம் சதுரத்தில் உட்கார்ந்தது.
சுற்றச் சுற்ற, கீழே எங்கோ தண்ணீர் இரைந்து கொட்டியது,
டாம்சன் பாசிச் சுவருக்குள் மெல்ல அமிழ்ந்தது,
புதினாவோடு, விறகோடு.

இருபுறமும் தண்ணீர் சமமாகும்வரை கதவு அசையாது.
மூவரும் நின்றோம். தேநீர் குடித்தோம்.
சர்க்கரை அதிகம்.
பிறகு நெடுமரத்தில் முதுகைச் சாய்த்தேன்,
யாரோ எழுந்து வழிவிடுவதுபோல்
அது நகர்ந்தது.

படகு அலுவலகக் கட்டடத்தின் தூண்களுக்கிடையே நுழைந்து
முதலில் நிறத்தை, பிறகு சத்தத்தை இழந்தது.
தல்பீர் மறுபடி காந்தத்தை வீசினார்.
அவளுடையது இன்னும் கீழேதான் கிடக்கிறது.

வீட்டில் கை கழுவினேன்.
துரு போக இரண்டு தரம் சோப்புப் போட வேண்டியிருந்தது.