பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு

காரைக்குடி நகராட்சி கொடுத்த
பிறப்புச் சான்றிதழில்
குழந்தையின் பெயர் என்ற இடத்தில்
சின்னதாய் ஒரு கோடு.
ஒன்பது வருஷமாய்
அந்தக் கோட்டைத்தான் குளிப்பாட்டி
பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன்.

ரோட்டர்டாமில் எனக்கு வேலை தருகிறவர்கள்
கோட்டுக்கு விசா தர மாட்டார்கள்.

தலைப்பிள்ளைக்கு ஐயா பெயர்தான்,
சாத்தப்பன், வேறு பேச்சில்லை
என்றது அவர் வீடு.
நான் எழிலன் என்றேன்.
முடிவு பண்ணிட்டு வாங்க
என்று அனுப்பிவிட்டார் கிளார்க்.
பண்ணினோம்,
தேவகோட்டை கோர்ட்டில்,
வேறொரு முடிவை.

இப்போது எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும்.
பிரிந்ததற்குத் தீர்ப்பு நகல்.
பிரிய வேண்டுமென்றால்
முதலில் சேர்ந்திருக்க வேண்டுமாமே, அதற்கு?
இசைகுடிமானம் இருக்கிறது என்றேன்.
கோயில், பிரிவு, ஊர், தேதி,
இரண்டு அப்பச்சிகளின் கையெழுத்து,
எல்லாம் உண்டு அதில்
எங்கள் இருவர் கையெழுத்தைத் தவிர.
ஏஜென்ட் பெண் போனில் யோசித்தாள்.
"அது நெதர்லாந்துக்குத் தெரியாது மேடம்."

பாஸ்போர்ட்டில் ஒரு தெய்வானை,
ஆதாரில் ஓர் எழுத்து கூடிய தெய்வானை,
பத்தாம் வகுப்பில்
ஐகாரம் இல்லாத தெய்வானா.
மூன்று பேரும் ஒருத்திதான் என்று
நூறு ரூபாய்ப் பத்திரத்தில்
எனக்கு நானே சாட்சி சொன்னேன்.
நம்பிவிட்டார்கள்.

கடைசியாக மிச்சமிருந்தது அவர்.

செக்காலை ரோட்டில்
நோட்டரி வக்கீலின் மாடி.
வயிரவன் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து
சட்டைப் பையில் சொந்தப் பேனாவோடு
உட்கார்ந்திருந்தார்.
எங்கள் பையன் இருவருக்கும் நடுவில்
காலாட்டிக்கொண்டு
ரப்பர் ஸ்டாம்புகளை எண்ணினான்.
பதினேழு.

டைப் அடிக்கிற பெண் கேட்டாள்,
விலாசம் சொல்லுங்க சார்.
"மூனா கானா ராவன்னா" என்றார் பழக்கத்தில்.
அவள் கும்பகோணத்துக்காரி.
"டோர் நம்பருங்களா அது?"
சிரிப்பு வந்தது அவருக்கு.
எனக்கும்.
அடக்கிக்கொண்டோம், தனித்தனியாக.

சம்மதக் கடிதத்தை வரி வரியாகப் படித்தார்.
கல்யாணத்தன்றுகூட
இவ்வளவு கவனமாக எதையும் படித்திருக்க மாட்டார்.
'நிரந்தரமாக' என்ற சொல்லில்
விரலை வைத்து நிறுத்தினார்.
"கிளம்புற தேதி கேட்டிருக்கு.
திரும்புற தேதிக்குக் கட்டமே இல்லையே?"
"அந்த ஃபார்மட்ல கிடையாது சார்" என்றார் வக்கீல்,
மின்விசிறிக்குப் பறக்கும் தாளை
கையால் அமுக்கியபடி.
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
லீவுக்கு வருவோம் என்றாவது.
பையில் அப்போஸ்டில் ரசீதைத் தேடினேன்,
அது தேவைப்படாத நேரத்தில்.

நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தையும்
கேட்காமலே இழுத்துக்கொண்டார்.
ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாது
என்று அச்சிட்டிருந்தது மேலே.
பையனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
எழிலன்
என்று நிதானமாக எழுதினார்,
ழகரத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டி.
முன்னால் ஒரு 'வ', ஒரு புள்ளி.

"இனிஷியல் போட்டா அங்க ஏத்துக்க மாட்டாங்க சார்"
என்றாள் டைப் அடிக்கிற பெண்,
"விரிச்சு எழுதணும்.
அதுதான் குடும்பப் பேரா நிக்கும்."

விரித்து எழுதினார்.

ஆக,
தடுப்பூசிக் கடிதம், லைப்ரரி அட்டை,
பல் டாக்டரின் பில்,
எல்லாம் அந்த ஊரில்
வயிரவன் என்று போட்டு
என் கதவிடுக்கில் வந்து விழும்.
விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்த ஆளை
எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்வார்
ஒரு டச்சுத் தபால்காரர்.

சீல் குத்திய மை காயவில்லை.
வக்கீல் ஊதினார், பையனும் ஊதினான்.
"எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்" என்றார்.
கீழே கடையில்
இரண்டாக எடுக்கச் சொன்னேன்.
ஒன்று கறுப்பாக விழுந்திருந்தது.
தெளிவானதை
அவரிடம் கொடுத்தேன்.