புயல் வராவிட்டால்

புந்தா அரேனாஸில் காற்று
ஜன்னலைப் பிடித்து உலுக்கும் மதியம்.
டீச்சர் வாசிக்கிறார்:
ஒற்றைச் சிறகு மட்டும் சிவந்த பென்குயின் குஞ்சு,
யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.
பிறகு புயல்.
பனிமூட்டத்தில் அந்தச் சிவப்பே வழிகாட்ட
எல்லோரும் பிழைத்தார்கள்,
கட்டிக்கொண்டார்கள். சுபம்.

கண்ணிலிருந்து தாடைவரை
திராட்சைரசம் சிந்தியதுபோல் மச்சம்,
இக்னாசியா கை தூக்கினாள்.
"புயல் வரலேன்னா?"

டீச்சர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.
அதற்குப் பின்னால் அட்டைதான்.

வகுப்பே அவள் கன்னத்தைப் பார்த்தது, அல்லது
பார்க்காமலிருக்கப் பாடுபட்டது.

பின்வரிசை லாதிஸ்லாவோ மட்டும் சலித்துக்கொண்டான்:
"தலையைக் கொஞ்சம் நகர்த்தேன்,
படம் தெரியல."

வெளியே புயல் இல்லை,
தினசரிக் காற்றுதான்.
நகர்ந்தாள்,
வேண்டுமென்றே அரை அங்குலம்.