விட்டுப்போன ‘ங்க’

தாராபுரம் முன்சீப்பு கோர்ட்டில்
அப்போது நான் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா.
தமிழில் கொதித்து வருகிறவர்களை
இங்கிலீஷில் ஆற்றி
தேதி போட்டு அடுக்குவது உத்தியோகம்.

பிராது இது:
மூலனூர் பருத்தி மில் திறப்பு விழாவில்
முன்வரிசை நாற்காலியைக் காட்டி
வேலப்பக் கவுண்டர்
அர்த்தநாரிக் கவுண்டரைப் பார்த்து
நூற்றுப்பத்துப் பேர் கேட்க
‘உக்காரு’ என்றார்.

அவ்வளவுதான்.
கை ஓங்கவில்லை. அப்பன் பாட்டனை இழுக்கவில்லை.
மாட்டைக்கூட ‘நில்லு சாமி’ என்று
கேட்டுக்கொள்கிற சீமையில்
ஒரு ‘ங்க’வை விழுங்கிவிட்டார்.
ஒன்றரை மாத்திரை ஓசை.
மானநஷ்டம் ஆயிரம் ரூபாய்.

மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.
சொன்னது ஒன்று, சொல்லியிருக்க வேண்டியது ஒன்று.
இங்கிலீஷில் இரண்டும் ஒரே சொல்.
மூன்று தரம் அடித்து அடித்து எழுதினேன்.
மசி தீர்ந்தது,
மானம் காகிதத்தில் ஏறவில்லை.

முன்சீப்பு நெல்லூர்க்காரர்.
அவர் பாஷையிலும் ஒரு ‘அண்டி’ உண்டு;
விஷயம் அவர் காதுக்குப் புரிந்தது,
ரிக்கார்டுக்குப் புரியவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
‘வசவு எங்கே இருக்கிறது?’ என்றார்.
‘இல்லாத இடத்தில் இருக்கிறது, எஜமான்’
என்றார் வாதி வக்கீல்,
அன்றைய ஃபீசுக்கு அது போதும் என்பது போல.

வாய்தா, வாய்தா, வாய்தா.
ஒவ்வொன்றிலும் பிராதை உரக்கப் படிக்க வேண்டும்.
மில்லில் ஒரே தரம் சொன்னது
கோர்ட்டில் நாற்பது தரம் ஆயிற்று.
படிக்கும்போதெல்லாம் அர்த்தநாரிக் கவுண்டர்
தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொள்வார்,
கொசு கடித்தவர் மாதிரி.
அமராவதிக் கரையில் இரண்டு ஏக்கர்
அதற்குள் கைமாறியிருந்தது.
எதிர்த்தரப்பில் ஒரு கிணறு அடமானம்.

வேலப்பக் கவுண்டர் வாக்குமூலம்:
‘சொன்னேனுங்க.
இஞ்சின் சத்தத்துல அது அமுங்கிப்போச்சுங்க.’
இஞ்சின் எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கு
கோயமுத்தூரிலிருந்து ஒரு பிட்டர் வந்து
வாயாலேயே ஓட்டிக் காட்டினார்.
கோர்ட் கூரையிலிருந்து புறா பறந்தது.

கடைசிச் சாட்சி திம்மான்.
அன்றைக்கு நாற்காலிகளைச் சுமந்துவந்து போட்டவன்.
சொன்ன வாய்க்கு மூன்றடி தூரத்தில் நின்றவன்
அவன் ஒருவன்தான்.
‘டேய் திம்மா’ என்று டபேதார் மூன்று தரம் கூவினார்.
கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் வந்து நின்றான்.
‘ஏறுடா’ என்றதும் ஏறினான்.

‘ங்க’ கேட்டதா, கேட்கவில்லையா?

வெகுநேரம் யோசித்தான்.
‘சாமி, அது நாஞ் சொல்றதுங்க.
எனக்கு ஆரும் சொன்னதில்லீங்க.
கேட்டா அதுதான்னு தெரியுமான்னு
தெரியலீங்களே.’

வக்கீல்கள் சிரித்தார்கள்.
வாதியும் பிரதிவாதியும்
இரண்டு வருஷத்தில் முதல் தரமாக
ஒருவரையொருவர் பார்த்து
சேர்ந்து சிரித்தார்கள்.
நான் எழுதினேன்: சாட்சிக்கு ஞாபகமில்லை.
எழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் விழுந்தது.

அடுத்த மாதமே ராஜி.
நிபந்தனை: பிரதிவாதி அந்தச் சொல்லை
முழுசாக, திறந்த கோர்ட்டில் சொல்ல வேண்டும்.
‘உக்காருங்க’ என்றார்.
இஞ்சின் இல்லை, எல்லோருக்கும் கேட்டது.
இருந்தது ஒரே நாற்காலி,
அதில் முன்சீப்பு இருந்தார்.
பெஞ்சு வக்கீல்களுக்கு.
அர்த்தநாரிக் கவுண்டர் நின்றபடியே
மானத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.
திம்மான் சாட்சி சொன்ன சாயங்காலம்
அவனுக்குச் சாட்சிப் படி ஆறணா.
ரசீதில் கைநாட்டு வாங்க வேண்டியவன் நான்.
மைப்பெட்டியை அவன் பக்கம் தள்ளி
‘வை’ என்று தொடங்கினேன்.
வாசலில் பல்லடம் பஸ் நின்று
நீளமாக ஹாரன் அடித்தது.

மிச்சத்தையும் சொன்னேன் என்றுதான்
இன்றுவரை நான் சொல்லிவருகிறேன்.
ஹாரன் சத்தத்தில்
அது அமுங்கிப்போயிருக்கும்.