தொண்ணூறு கிராம் கிறீஸ்

பரிசோதனைக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது.
புதன் காலை ஏழேகாலுக்கு வாகனத்தோடு வரவும் என்று
மரியாதையாக, மறுக்க இடம் விடாமல்.

ஞாயிறு காலை அம்பிகையும் நானும்
முப்பத்தாறு வயது வேனின் வயிற்றின் கீழ்
பழைய யோகாப் பாய் இரண்டை விரித்துப் படுத்திருக்கிறோம்.
புர்க்டோர்ஃப். ரெகுலாவின் மாட்டுக்கொட்டில் முற்றம்.
பாயையும் மீறி முதுகில் சரளை.

"டோர்ச்சைக் கிட்டப் பிடியுங்கோ."
பிடிக்கிறேன்.
இடது பின்சில்லின் உள்முகம் முழுக்கக் கறுப்பு,
தார்த் தூரிகையை யாரோ உதறிவிட்டதைப் போல.
யுரா மலையில் இருந்து இறங்கிய வழியெல்லாம்
சுற்றிச் சுற்றி எறிந்திருக்கிறது.

மடிப்பு மடிப்பாய் ஒரு றப்பர் உறை,
என் உள்ளங்கைக்குள் அடங்கும்.
ஒரு மடிப்பின் பள்ளத்தில் வெடிப்பு.
சும்மா பார்த்தால் தெரியாது,
விரலால் விரித்தால்தான் வாய் திறக்கும்.
போன ஒக்டோபரில் நான் அதைப் பார்த்தேன்,
தலைமயிர் அளவில் ஒரு கோடு.
'அடுத்த வருசம் பாப்பம்' என்றேன்.
சொன்னது நான்தான் என்பது அவளுக்கு ஞாபகம்.
வாய் திறக்கவில்லை.

மூட்டுக்கு ஆறு போல்ட், நாலு மூட்டு.
ஒவ்வொரு தலையின் குழியிலும் இறுகிய அழுக்கை
முதலில் ஊசியால் கிண்டவேண்டும்.
கிண்டாமல் சாவியைப் போட்டால் பல் வழுக்கிப்போகும்,
பிறகு ஆண்டவனாலும் கழற்ற ஏலாது.
ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவி கழுவுகிறவள் நான்.
கிண்டுவதற்குத்தான் சம்பளம்.
எலும்புத் தூளைவிட இது மோசமில்லை.

பிரிந்தபோது தம்பி வீட்டை எடுத்தான்,
சோபாவை எடுத்தான்,
வாழ்நாளில் ஒருநாளும் பிழிந்திராத
இடியப்ப உரலையும் எடுத்தான்.
'அந்தத் துருப்பிடிச்ச சனியன் உனக்கே' என்று
வேனை எழுதிக் கையெழுத்து வைத்தான்.
என்னைப் பங்கு போட யாருக்கும் தோன்றவில்லை.
சட்டப்படி அம்பிகை எனக்கு இப்போது யாருமில்லை.
கூப்பிட வேறு சொல் கிடைக்காததால்
மச்சாள் என்கிறேன்.

வளையத்தைக் கழற்றியும்
மூட்டு தண்டைவிட்டு வர மறுக்கிறது.
தட்டவேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை!
வெற்றுப் போத்தலைக்கூடத் தொட்டியில் போடக் கூடாத நாள்.
மச்சாள் குளிக்கும் துவாயைச் சுத்தியலில் சுற்றினாள்.
ஒரு தட்டு.
மேல்மாடி ஜன்னல் திறந்தது.
மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம்,
நாலு கால் மட்டும் வெளியே.
ரெகுலா ஒன்றும் பேசவில்லை.
மணிக்கட்டைத் தொட்டாள், பிறகு
சேர்ச் கோபுரத்தைக் காட்டினாள்.

ஒன்பதரைக்கு மணி தொடங்கியது.
பள்ளத்தாக்கே அதிர,
பெரிய மணி சொல்ல, சின்ன மணிகள் குறுக்கே பேச,
துவாயை எறிந்துவிட்டு
நாலு மூட்டையும் கழற்றினோம்
கர்த்தரின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு.

உள்ளே ஆறு குண்டு.
மண் புகுந்த மூட்டை அவள் மண்ணெண்ணெயில் அலசி
வெளிச்சத்தில் திருப்பினாள்.
குண்டு ஓடிய தடத்தின் ஒரு முகம்
அம்மைத் தழும்பாய்ச் சொரசொரத்தது.
மறுமுகம் புதுக் கரண்டி.
முன்னே போகப் போக ஒரு பக்கமே தேயுமாம்.
இடது தண்டை வலப்பக்கமும்
வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டால்
தேயாத முகத்தில் ஓடுமாம்.
"இன்னொரு அம்பதாயிரம் கிலோமீட்டர்," என்றாள்,
மூக்கில் கறுப்போடு.

மூட்டுக்குத் தொண்ணூறு கிராம்.
சமையலறைத் தராசில் நிறுத்தோம்.
விரலால் அழுத்தி அழுத்தி ஊட்டி,
புது உறையை இழுத்து,
அதன் உதட்டைக் கொஞ்சம் தூக்கி
மாட்டிக்கொண்ட காற்றை விட்டபோது
உறை ஒரு பெருமூச்சு விட்டது.
நாங்கள் சிரித்ததில் டோர்ச் உருண்டு போனது.

புதன்கிழமை பரிசோதகர்
நாலு உறையையும் மடிப்பு மடிப்பாய் விரித்துப் பார்த்தார்.
தலையாட்டினார்.
முன்கண்ணாடி வைப்பர் தேய்ந்திருக்கிறது என்று எழுதி
பத்து நாள் தவணை தந்தார்.

திரும்பி வரும்போது மழை.
ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றுகையில்
இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.
வைப்பர் மட்டும் கீச்சிட்டது.